தைத்த கையும் முடுக்கிய கையும்



பள்ளிக்கூடத்து ரோபோ அணியைப் பற்றிப் போதகர் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. நம் சபையில் இரண்டு குடும்பத்தார் சென்ற பனிக்காலம் முதல் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே வரிசையில் அமர்ந்து ஆராதிக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் வெவ்வேறு வாசல் வழியாய்ப் போகிறார்கள். இவ்விரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே உயர்நிலைப் பள்ளியின் ரோபோ அணியில் இருக்கிறார்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு வழக்கு ஒன்றுமில்லை. இரு வீட்டாரின் அனுமதியையும் பெற்றே இதை எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை.

பெண்பிள்ளையின் தாயார் ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, என் மகள் இரண்டு மாதமாய்த் துணி தைத்தாள், சுவரொட்டி எழுதினாள். ரோபோவைத் தொடக்கூட விடவில்லை. இதற்காகவா இவளை அங்கே அனுப்பினோம்?" என்று கண் கலங்கினார். அதே வாரத்தில் பையனின் தகப்பனார் வந்தார். "ஐயா, என் மகன் இராத்திரி ஒரு மணிவரை விழித்திருந்து நிரல் எழுதுகிறான். கொடி பிடித்துக் கோஷம் போடுகிறவர்களும் அவனும் அந்த அணியில் ஒன்றா?" என்று கேட்டார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு ஞாயிறு அன்று இருவரும் எதிர்ப்பட்டபோது, "தையல் வேலையையும் தொழில்நுட்பம் என்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை வந்து விழுந்தது. அந்த வார்த்தைதான் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்காக இந்தப் போட்டியைச் சற்று விளக்கிவிடுகிறேன். டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989-ஆம் ஆண்டில் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். மாணவர்கள் விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவதுபோல அறிவியலையும் கொண்டாட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. இன்றோ உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் பல நாடுகளில் இருக்கின்றன. நாம் வாழும் மிச்சிகன் மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான அணிகள் உண்டு. கார்த் தொழிற்சாலைகளைச் சார்ந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களில், ஏதாவது ஓர் அணியின் சட்டையை அணிந்த பிள்ளை இல்லாத வீடு குறைவு.

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி தொடக்கத்தில் அந்த ஆண்டுக்குரிய விளையாட்டு எல்லா அணிகளுக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்படுகிறது. அதற்குப் பின்புதான் பிள்ளைகள் யோசித்து, வரைந்து, உலோகம் அறுத்து, மின்கம்பி பூட்டி, நிரல் எழுதி, ஐம்பது கிலோவுக்கும் மேல் கனமுள்ள ஒரு ரோபோவை உருவாக்க வேண்டும். முன்பெல்லாம் ஏறக்குறைய ஆறு வாரங்களில் அதைக் கட்டி முடித்துப் பையிலிட்டு முத்திரையிட்டுவிட வேண்டும் என்று விதி இருந்தது. 2020-ஆம் ஆண்டுப் பருவம் முதல் அந்த விதி நீக்கப்பட்டது. விதி நீங்கியதே தவிர அவசரம் நீங்கவில்லை. மார்ச் மாதத்துக்குள் மாவட்டப் போட்டிகள் வந்துவிடுகின்றன.

களத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று ரோபோக்கள். சிவப்புக் கூட்டணி ஒன்று, நீலக் கூட்டணி ஒன்று. ஓர் ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான். தொடக்கத்தில் சில நொடிகள் ரோபோ யாரும் இயக்காமல் தன் நிரலின்படி தானே ஓட வேண்டும். பின்பு மாணவர்கள் இயக்குவார்கள். தகுதிச் சுற்றுகளில் யாரோடு யார் சேருவது என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது. காலையில் உங்களுக்கு எதிராய் நின்ற அணி மாலையில் உங்கள் கூட்டாளியாய் நிற்கும். ஆகவே எதிரி என்று எவரையும் முழுவதும் வெறுக்க முடியாது. நண்பன் என்று எவர்மீதும் முழுவதும் சாய்ந்துவிடவும் முடியாது. இந்த அமைப்பை நான் முதன்முதலில் கேட்டபோது, நம்முடைய சபைக் கமிட்டிகளுக்கும் இப்படி ஓர் அட்டவணை இருந்தால் நலமாயிருக்குமே என்று எண்ணிக்கொண்டேன்.

சென்ற மார்ச் மாதத்தில் பிள்ளைகள் அழைத்ததால் ஒரு மாவட்டப் போட்டிக்குப் போனேன். அங்கே நான் கண்டதை அப்படியே சொல்லுகிறேன்.

நம் சபையின் பையன்தான் அந்த அணியின் தலைமை நிரலாளன். ரோபோவின் உள்ளும் புறமும் அவனுக்குத் தெரியும். நம் சபையின் பெண்ணோ பம்பர் தைக்கும் குழுவில் இருந்தாள். ரோபோவைச் சுற்றிலும் ஒட்டுப்பலகை, அதன்மேல் நீச்சல் குளத்தில் மிதக்கப் பயன்படும் நுரைக்குழாய், அதன்மேல் உறுதியான துணி என்று கட்டப்படும் மெத்தைதான் பம்பர். சிவப்புக் கூட்டணிக்குச் சிவப்பு, நீலக் கூட்டணிக்கு நீலம். அதில் அணியின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியிடம் தையல் கற்று, துணி சுருங்காமல் மூலைகளை மடித்துத் தைத்தது அந்தப் பெண்தான். விதிப்படியான பம்பர் இல்லாவிட்டால் பரிசோதகர்கள் ரோபோவைக் களத்துக்குள் விடுவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். எவ்வளவு அருமையான நிரல் எழுதினாலும், அந்தத் துணி சரியாக இல்லையென்றால் ரோபோ வாசலிலேயே நிற்கும்.

போட்டி நாட்களில் அவளுக்கு வேறொரு வேலை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொரு ரோபோவும் என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இறுதிச் சுற்றுக்குக் கூட்டணி சேர்க்கும்போது அந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும். காலை முதல் மாலைவரை ஒரே இடத்தில் அமர்ந்து செய்யும் சலிப்பான வேலை அது. யாரும் கைதட்டமாட்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அவர்களுடைய ரோபோ ஓர் ஆட்டத்தின் நடுவே ஏறக்குறைய அரை நிமிடம் அசைவற்று நின்று, பின்பு தானாக உயிர் பெற்றது. பையன் தன் நிரலில்தான் பிழை என்று எண்ணி, பிட் என்று அவர்கள் அழைக்கும் பழுது பார்க்கும் இடத்தில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினான். பெண் வந்து, "நேற்றும் ஒருமுறை இப்படித்தான் நின்றது. இரண்டு முறையும் இன்னொரு ரோபோ வந்து மோதியவுடனே நின்றது" என்று சொன்னாள். அவன் தலையை நிமிர்த்தாமலே, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மேலே போய்க் குறிப்பெடுங்கள்" என்றான். அவள் போய்விட்டாள்.

மூன்றாம் முறை ரோபோ நின்றது நின்றதுதான். ஆட்டம் முடியும்வரை எழவில்லை. கூட்டாளிகளாய் இருந்த மற்ற இரண்டு அணிகளும் எவ்வளவோ போராடியும் தோற்றுப்போயின. பிட்டுக்குத் திரும்பியதும் பையனின் பொறுமை உடைந்தது. பேட்டரி மாற்றும் பொறுப்பில் இருந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுவன்மேல் எல்லார் முன்னும் சத்தமிட்டான். அந்தச் சிறுவன் ஒன்றும் பேசாமல் பார்வையாளர் படிக்கட்டின் பின்புறம் போய் நின்று அழுதான். அவனை முதலில் தேடிப் போனதும் அந்தப் பெண்தான். அழுதுகொண்டிருந்தவனின் கையில் ஒரு சிறு நோட்டு இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எந்த எண்ணுள்ள பேட்டரியைப் பூட்டினான் என்று யாரும் சொல்லாமலே அவன் எழுதி வைத்திருந்தான். அவளுடைய குறிப்பையும் அவனுடைய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரோபோ நின்ற மூன்று முறையும் 4-ஆம் எண் பேட்டரி.

அதை எடுத்து முனையிலுள்ள கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தபோது அது ஆடியது. மரை தளர்ந்திருந்தது. மோதும்போதெல்லாம் மின்சாரம் ஒரு கணம் அறுந்துபோக, ரோபோவின் கணினியும் கம்பியில்லாத் தொடர்புக் கருவியும் அணைந்து மீண்டும் முதலிலிருந்து விழித்துக்கொண்டிருந்தன. விழிப்பதற்குத்தான் அந்த அரை நிமிடம். கடைசி முறை தொடர்பு அடியோடு விட்டுப்போயிற்று. ஒரு ஸ்பேனரும் ஒரு நிமிடமும் போதும், சரியாகிவிட்டது.

அந்தப் பையன் நல்லவன். தவறு எது என்று கண்டவுடன் சிறுவனிடம் போய் மன்னிப்புக் கேட்டான். ஆனாலும் என் மனதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. மரையை முடுக்கிச் சோதிக்க அந்தச் சிறுவனுக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா? விசாரித்தேன். இல்லை. போட்டிக்கு முந்தின நாள்வரை பேட்டரிகளையும் பையனே பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லிக்கொடுப்பதைவிட நானே செய்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன், பாஸ்டர்" என்று அவனே ஒப்புக்கொண்டான்.

அன்பானவர்களே, அந்த வார்த்தை என்னைக் குத்தியது. அதற்குக் காரணம் உண்டு.

வேதாகமக் கல்லூரிக்குப் போகும் முன் நான் மின்சாரத் தொழிற்கல்வி படித்தவன். முதன்முதலில் ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட கிராமத்தில் ஒலிபெருக்கியைச் சரிசெய்ய என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆலயத்தில் ஆம்ப்ளிஃபயரைத் திறப்பதும் மைக்குக்கு இணைப்புக் கொடுப்பதும் என் கையால்தான் நடக்கும். வாலிபப் பிள்ளைகள் நான்கு பேர் ஆசையோடு சுற்றி நிற்பார்கள். ஒயரைச் சுருட்டவும் பெட்டியைத் தூக்கவும் மட்டும் அவர்களை விடுவேன். "கெடுத்துவிடுவார்கள்" என்பது என் பயம். உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது: "ஐயா இல்லாவிட்டால் நடக்காது" என்று சபையார் சொல்லக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் மாற்றலாகிப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆலயத்தில் ஒலிபெருக்கி பேசவில்லை. அது சிறிய காரியம். அந்த நான்கு வாலிபரும் அதற்கு வெகுநாள் முன்பே ஆலயத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதுதான் பெரிய காரியம். கருவியைக் காப்பாற்றினேன், பிள்ளைகளைத் தவறவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்த நான்கு முகங்களும் எனக்கு மறக்கவில்லை.

ஆகையால் பையனின் தகப்பனாருக்கு நான் சொல்லுவது இது. உங்கள் மகனின் திறமை கர்த்தர் தந்த ஈவு. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த வேலை அணிக்குப் பலம் அல்ல. அணி எங்கே முறியும் என்பதைக் காட்டும் இடம் அது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த நிரலை வாசிக்க ஆள் இல்லை. இன்னும் ஓராண்டில் அவன் கல்லூரிக்குப் போய்விடுவான். அப்போது அந்த அணிக்கு என்ன மிஞ்சும்?

யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டப்பட்ட வரலாற்றை நினைத்துப் பாருங்கள். யூதா கோத்திரத்தானாகிய பெசலெயேல் பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகிய எல்லா வேலையிலும் தேறினவன். அவனோடு சேர்க்கப்பட்ட தாண் கோத்திரத்தானாகிய அகோலியாப் யார்? செதுக்கு வேலையோடு, இளநீல நூலிலும் மெல்லிய பஞ்சுநூலிலும் சித்திரத் தையல் செய்கிறவன். உலோகம் அறிந்த கையையும் துணி அறிந்த கையையும் தேவன் ஒரே பணிக்குப் பெயர்சொல்லி அழைத்தார். இன்னும் ஒன்றை நாம் வாசித்தும் கடந்துபோகிறோம்: அவ்விருவருக்கும் வேலைத்திறனோடு, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் உள்ளமும் அருளப்பட்டது. கற்றுக்கொடுக்கும் வரம் சேராவிட்டால் திறமை பாதிதான்.

இவ்வளவு சொன்னதால் நான் கொடி பிடிக்கிறவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். மறுபக்கத்திலும் ஒரு பிழையைக் கண்டேன். அந்த மூன்றாம் ஆட்டத்தில் தோற்றபின், பெரியவர் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி, "பரவாயில்லை, வெற்றி முக்கியமல்ல, நாம் மகிழ்ச்சியாய் இருந்தோமா என்பதுதான் முக்கியம்" என்றார். அவர் அன்பினால்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது சரியாய்ப் படவில்லை. நம் பக்கத்தில் நின்ற இரண்டு அணிகளின் பிள்ளைகளும் வாரக்கணக்கில் தூக்கம் விட்டு உழைத்தவர்கள். நம்முடைய தளர்ந்த மரையினால் அவர்கள் தோற்றார்கள். அவர்களிடம் போய், "நாங்கள் மகிழ்ச்சியாய்த்தான் இருந்தோம்" என்று சொல்ல முடியுமா? கூட்டாளி நம்மை நம்பிக் களத்தில் நிற்கும்போது, மரையை முடுக்குவதே அன்பின் செயல். சீராக வேலை செய்யாத ரோபோவை வைத்துக்கொண்டு எவ்வளவு உற்சாகமாய்ப் பாடினாலும், அந்தப் பாட்டு பக்கத்தில் நிற்கிறவனைச் சுமக்காது.

சபையிலும் இப்படித்தான். "மனதுதான் முக்கியம், ஐயா" என்று சொல்லிப் பாடகர் குழுவின் பயிற்சிக்கு வராமல் இருக்கிறவர்கள் உண்டு. மனது முக்கியம்தான். ஆனால் மனது உண்மையாயிருந்தால் கையும் காலமும் அதன் பின்னே வரும். அன்பு தன் வேலையை அரைகுறையாய் விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிறவனைத் தோற்கவிடாது.

இந்தப் போட்டிகளை வடிவமைத்தவர்களில் ஒருவர், எம்ஐடி கல்விநிலையத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த வூடி ஃபிளவர்ஸ். 2019-இல் அவர் மறைந்தார். கிரேஷியஸ் புரொஃபஷனலிசம் என்ற சொற்றொடரை அந்த அமைப்பின் அடித்தளமாக்கியவர் அவர். தமிழில் அதைக் கனிவோடு கூடிய தொழில்நேர்த்தி என்று சொல்லலாம். அதில் இரண்டு சொற்கள் இருப்பதை நான் விரும்புகிறேன். கனிவு மட்டும் இருந்தால் ரோபோ ஓடாது. நேர்த்தி மட்டும் இருந்தால் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் படிக்கட்டின் பின்னே நின்று அழுவான். கனிவு வேலை முடிந்தபின் மேலே பூசும் வண்ணமும் அல்ல. வேலையை எப்படிச் செய்கிறோம், யாருக்குக் கற்றுக்கொடுத்துச் செய்கிறோம், யார் சொல்வதைக் கேட்டுச் செய்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. அந்தப் பெண் சொன்னதைப் பையன் காலையில் இரண்டு நிமிடம் கேட்டிருந்தால், ரோபோவும் ஓடியிருக்கும், சிறுவனும் அழுதிருக்கமாட்டான். கனிவும் நேர்த்தியும் அங்கே இரண்டு வேலையாய் இல்லை, ஒரே வேலையாய் இருந்தன.

அந்தக் களத்தில் இன்னொன்றும் கண்டேன். ஓர் அணிக்கு ஒரு பாகம் உடைந்துபோனால், "இந்தப் பாகம் யாரிடமாவது இருக்கிறதா?" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். சில நிமிடங்களில் எதிரணிப் பிள்ளைகளே அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சில வேளைகளில் பூட்டியும் தருகிறார்கள். அடுத்த ஆட்டத்தில் தங்களையே அந்த ரோபோ தோற்கடிக்கக்கூடும் என்று அறிந்தே செய்கிறார்கள். அந்தப் போட்டியின் மிக உயர்ந்த விருதும் ரோபோவுக்குக் கொடுக்கப்படுவதில்லை. மற்றவர்கள் பின்பற்றத்தக்க மாதிரியாக வாழும் அணிக்கு அது கொடுக்கப்படுகிறது. சேர்மன்ஸ் விருது என்றிருந்த அதன் பெயர் 2023-ஆம் ஆண்டுப் பருவம் முதல் இம்பாக்ட் விருது என்று மாறியது. ஆனாலும் உதவி கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்க உங்களிடம் நல்ல பாகம் இருக்க வேண்டும், அதைப் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும். திறமை இல்லாத தாராளம் வெறுங்கையை நீட்டும்.

பெண்பிள்ளையின் தாயாரின் குறைக்கு வருகிறேன். அவருடைய வருத்தம் நியாயமானது. பல அணிகளில் பெண்பிள்ளைகளுக்குச் சுவரொட்டியும், பேச்சும், தையலும். ஆண்பிள்ளைகளுக்கு ஸ்பேனரும் கணினியும் என்று யாரும் சொல்லாமலே பங்கு பிரிந்துவிடுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அவசரம் வரும்போது ஏற்கெனவே தெரிந்தவன் கையில் கருவி போகிறது. தெரியாதவள் தெரியாதவளாகவே நிற்கிறாள். தையல் தாழ்ந்த வேலை அல்ல என்பதை மேலே சொன்னேன். ஆனால், "தையலும் உயர்ந்ததுதான் அம்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அவள் கையில் ஸ்பேனரைக் கொடுக்காமலே இருந்துவிட்டால் அது நேர்மை ஆகாது. நெகேமியாவின் நாளில் எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்களின் பட்டியலில் தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார்கள், சல்லூம் என்னும் ஒருவனும் அவன் குமாரத்திகளும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எழுதப்படவில்லை. கட்டினார்கள் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்த அலங்கம் 52 நாளில் முடிந்தது. தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் அந்த வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை என்ற குறிப்பும் அங்கே இருக்கிறது. தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலை என்று அவர்கள் எண்ணினார்களோ என்னவோ! அதன்பின் அவர்களைப் பற்றி நாம் அறிவது அவ்வளவுதான்.

பெற்றோராகிய நமக்கும் அணிகளில் வழிகாட்டிகளாய்ப் போகும் நம் சபைப் பொறியாளர்களுக்கும் நான்கு ஆலோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேராவது இருக்கட்டும். நன்றாய்த் தெரிந்தவன் ஒருவன், கற்றுக்கொள்ளுகிறவன் ஒருவன். ஜனவரி மாதத்தில் இது வேலையைத் தாமதப்படுத்தும். மார்ச் மாதத்தில் இதுவே காப்பாற்றும்.

இரண்டாவது, பருவம் முடியும் முன் ஒவ்வொரு பிள்ளையும் மறுபக்கத்து வேலையில் சில நாட்களாவது இருக்கட்டும். நிரல் எழுதுகிறவன் படிக்கட்டில் அமர்ந்து ஒருநாள் குறிப்பெடுக்கட்டும். சுவரொட்டி எழுதுகிறவள் ஒரு பாகத்தையாவது தன் கையால் அறுத்துப் பூட்டட்டும். பிறர் வேலையின் பாரத்தைத் தோளில் உணர்ந்தவன் அதை இகழ்ந்து பேசமாட்டான்.

மூன்றாவது, பெரியவர்களே, உங்கள் கைகள் சட்டைப் பைக்குள் இருக்கட்டும். பகல் முழுவதும் கார்த் தொழிற்சாலையில் செய்யும் வேலையை மாலையில் பிள்ளைகளின் ரோபோவில் செய்து காட்டும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆம்ப்ளிஃபயர் முன் நின்றவன் நான். ஆனால் நீங்கள் முடுக்கிய மரை பிள்ளைக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்காது.

நான்காவது, வீட்டில் பிள்ளையிடம் கேட்கும் கேள்வியை மாற்றுவோம். "ஜெயித்தீர்களா?" என்று கேட்கிறோம். இல்லாவிட்டால், "கல்லூரி விண்ணப்பத்தில் என்ன எழுதுவாய்?" என்று கேட்கிறோம். அதற்குப் பதிலாக, "இன்றைக்கு யாரிடமிருந்து கற்றாய்? யாருக்குக் கற்றுக்கொடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால், பிள்ளை பதிலைத் தேடிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும்.

அந்த அணி கோப்பை வெல்லவில்லை. மூன்றாம் ஆட்டத்துக்குப் பின் அவர்கள் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் ஒருவர் பேட்டரிக் கம்பியை இழுத்துப் பார்ப்பார். இன்னொருவர் அதே கம்பியை மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். இருவரும் நோட்டில் கையெழுத்திடுவார்கள். முதல் கையெழுத்து அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுவனுடையது. அதன்பின் ரோபோ நிற்கவில்லை.

இந்தக் கோடையில் சனிக்கிழமைகளில் நம் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு பிள்ளைகள் அமர்ந்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பையன் அந்தப் பெண்ணுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறான். ஊருக்குத் திரும்பும் முன் அவளுடைய பாட்டி அவனுக்குத் துணியின் மூலையை மடித்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் விரலில் ஊசி குத்திக்கொண்டு, "பாட்டி, இது நிரலைவிடக் கஷ்டம்" என்றான். அதைக் கேட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு மேல்தளத்தில் என் அறைவரை கேட்டது.

பிள்ளைகள் சமாதானமாகிவிட்டார்கள். பெரியவர்கள் இன்னும் ஆகவில்லை. இந்த எழுத்தை அவ்விரு வீட்டாரும் வாசிப்பார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஐயா, அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அம்மா, அவர் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதிருங்கள். வருகிற ஞாயிறு அன்று ஆராதனை முடிந்தபின் உணவு மேசைகளை எடுத்துப் போட ஆட்கள் வேண்டும். ஒரு மேசையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அங்கே காத்திருப்பேன்.

கைகளின் கிரியையை உறுதிப்படுத்துகிற தேவன், அந்தக் கைகளை ஒன்றோடொன்று இணைக்கவும் செய்வாராக. ஆமென்.

உங்கள் அன்பின் ஊழியன்,
போதகர்